பந்து உருளாத மைதானம்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் பனிமூட்டம், பச்சைப் பசேல் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. தானா ராத்தாவிலிருந்து கோலாலம்பூர் வரை சாலையோரத்தில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது, எதில் தாழ்ப்பாள் விழாது, எதில் குழாய் இருந்தும் தண்ணீர் வராது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்ற காட்சிகளெல்லாம் கொஞ்சம் மங்கல்தான்.

லால்குடியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. அச்சடிப்பதைவிடப் பேசுவது எனக்கு நன்றாக வரும். கண்ணீர் அஞ்சலிக்குப் படம் கொடுக்க வந்தவர்களையே சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் அதற்காக என்னைத் திட்டியும் இருக்கிறார்கள். "உங்க வாய்க்குத் தனியா பாஸ்போர்ட் எடுங்க" என்று என் மனைவி சொல்வாள். எடுத்திருக்கலாம். அதையாவது விமான நிலையத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

பயணத்துக்குக் காரணம் அந்தோணி அண்ணன். என் தாத்தாவின் அண்ணன் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார். அவருடைய பேரன்தான் அண்ணன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது கோலா தெர்லாவின் காய்கறித் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்கு லாரி ஓட்டுகிறார். அண்ணி செலினுக்குத் தேயிலை ஆலையில் வேலை என்பதால் குடியிருப்பது இன்னும் தோட்டத்து லயத்தில்தான். தங்கள் பேரனுக்கு ஞானஸ்நானம், ஊரிலிருந்து ஒருத்தராவது வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். வேறு யாருக்கும் பாஸ்போர்ட் இல்லாததால் நான் குடும்பப் பிரதிநிதி ஆனேன்.

முதல் நாள் முழுக்கக் குளிர். கொடைக்கானல் பார்த்தவன் என்ற தைரியத்தில் ஒரே ஒரு ஸ்வெட்டர் கொண்டு போயிருந்தேன். அதுவும் அவசரத்தில் எடுத்த மனைவியின் ஸ்வெட்டர். ஊதா நிறம், மார்பில் இரண்டு பூ. அண்ணி பார்த்துவிட்டு உள்ளே போய் அண்ணனின் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

லயம் என்றதும் நம் பக்கத்து ஓட்டுவீட்டு வரிசை மாதிரிதான் மனதில் நினைத்திருந்தேன். வரிசை சரி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கார் நின்றதை நினைத்திருக்கவில்லை. கொழுந்து பறிக்கும் வேலையில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்களும் நேபாளிகளும். தமிழ் வீடுகளில் ஆலை வேலை, லாரி, டவுனில் கடை, ஆஸ்பத்திரி வேலை என்று ஆளுக்கொன்று. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டில் இன்று கேட்கிற மொழி வேறு.

இரவுச் சாப்பாட்டில் அண்ணன் திட்டத்தை அறிவித்தார். "தம்பி, திங்கக்கெழம நம்ம கே.எல். போறோம். டவர் காட்டுறேன், டவுன் சுத்திக் காட்டுறேன். அப்புறம் ஸ்டேடியம். டூர் இருக்கு லா. உள்ள கூட்டிட்டுப் போயி எல்லாம் காட்டுவாங்க. புக் பண்ணிட்டேன்."

"எனக்குக் கால்பந்து தெரியாதே அண்ணே. பந்து வட்டமா இருக்கும்ங்கிற வரைக்கும் தெரியும்."

"நீங்க கட்டடத்தப் பாருங்க. நான் புல்லப் பாத்துக்கறேன்."

அண்ணி கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். "வாராவாரம் லோரில அந்தப் பக்கமாத்தான் போறாரு. ஹைவேலேர்ந்து கூரை தெரியும். இத்தன வருசமா கூரையத்தான் பாத்துக்கிட்டு வர்றாரு. விடியறதுக்குள்ள சாமான எறக்கணும், திரும்பணும். அவரு முழிச்சிருக்கிற நேரத்துல அவங்க தொறக்க மாட்டாங்க. அவங்க தொறக்கிற நேரத்துல இவரு தூங்குவாரு. இப்ப ரிப்பேருக்கு மூடப் போறாங்களாம். மறுபடி எப்பத் தொறப்பாங்கன்னு இவரு பேருல இருக்கிற அந்தோணியாருக்கே தெரியாது."

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். விஷயம் என்னவென்று எனக்கு அப்போதே சொல்லிவிட்டார்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

இரண்டாம் நாள் ஞானஸ்நானம். குழந்தை தலையில் தண்ணீர் பட்டதும் போட்ட கூச்சலில் சாமியார் ஜெபத்தை ஒரு வரி தாண்டிவிட்டார். ஆட்டுக்கறி, நெய்ச்சோறு, ரசம், கூடவே மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலி சம்பால். ரசத்துக்குப் பக்கத்தில் சம்பாலை வைத்தால் நம் ஊரில் சமையல்காரரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலையில் அண்ணன் என்னைத் தோட்டத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பாடாங் என்கிறார்கள். "இதான் எங்க ஸ்டேடியம். டூரு ஃப்ரீ" என்றார். கூடவே ராயப்பன் வந்தார். அண்ணன் அந்தக் காலத்தில் எஸ்டேட் அணியின் கோல் கீப்பர். ராயப்பன் அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்.

மைதானம் சாய்ந்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. மேல் கோல் கம்பத்தின் அடியில் நின்றால் கீழ் கோல் கம்பத்தின் தலை என் இடுப்புக்கு வந்தது. கீழ் கோலுக்குப் பின்னால் தேயிலை, அதற்குப் பின்னால் பள்ளம்.

"கீழ நிக்கிறப்ப பந்து வந்துக்கிட்டே இருக்கும். நான் பாதி நேரம் தேயிலைக்குள்ளதான்" என்றார் அண்ணன். "மேல நிக்கிறப்ப எவனும் ஏறி வர மாட்டான். குளிர்ல நடுங்கிக்கிட்டே நிக்கணும்."

"கோல் கிக் கதையச் சொல்லு லா" என்றார் ராயப்பன்.

"நீயே காட்டு."

ராயப்பன் வலது கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் நுனியில் கொக்கி போல வளைந்திருந்தது. "பந்த வச்சா நிக்காது தம்பி. உருண்டு போயிரும். ஒருத்தன் குனிஞ்சு ஒரு விரலால புடிச்சுக்கணும், இவரு ஓடி வந்து ஒதைப்பாரு. எல்லாரும் கடைசி நொடில கைய எடுத்துருவானுங்க. நான் மட்டும் எடுக்க மாட்டேன்."

"ஏன் எடுக்கல?"

"இவரு பந்தத்தான் ஒதைப்பாருன்னு நம்புனேன்."

மூவரும் சிரித்து முடித்த பிறகு நான் கேட்டேன். "வேற எங்கயும் ஆடினது இல்லையா அண்ணே?"

"ஆடியிருக்கோமே. பக்கத்து எஸ்டேட்டு, தானா ராத்தா. எல்லாம் மலைதான தம்பி. ஒண்ணு இப்படிச் சாயும், ஒண்ணு அப்படிச் சாயும்." கீழ்க் கோலைப் பார்த்தபடி நின்றார். "நல்ல மட்டமான பாடாங்ல, கோல் வாசல்ல ஒரு தடவ நிக்கணும். பந்த வச்சா எப்படி நிக்கிதுன்னு பாக்கணும். அம்புட்டுதான்."

"போயிட்டு வந்து எனக்குச் சொல்லணும்" என்றார் ராயப்பன்.

அன்று இரவே என் வீழ்ச்சி தொடங்கிவிட்டது. ஊரிலிருந்து வந்த ஆள் எல்லா வீட்டுக்கும் போகவேண்டும், போனால் தேத்தண்ணி குடிக்கவேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டுக் கல்யாணம் வரைக்கும் பேச்சு நிற்கும். மேல் லயம் முழுக்கப் போனேன். போன இடமெல்லாம் லால்குடிக் கதைகள். மணமகன் பெயரையும் மாமனார் பெயரையும் இடம் மாற்றி நான் அச்சடித்த பத்திரிகை, அதைக் கவனிக்காமல் ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த மாமனார். சொந்த ஊரில் அந்தக் கதைக்கு இப்போது யாரும் சிரிப்பதில்லை. இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் புது மேடை கிடைத்துவிட்டது.

திங்கள் விடிந்தும் விடியாமலும் கிளம்புவதாக ஏற்பாடு. அண்ணன் மருமகனின் காரைத் துடைத்து, முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியை வழித்துவிட்டுத் தயாராக நின்றார். கையில் ஒரு காகிதப் பை. "என்னண்ணே, நாசி லெமாக்கா? தேங்காய்ப்பால் சோறு கமகமன்னு வாசன வருதே" என்றேன். "இல்ல தம்பி, சும்மா" என்று பையைப் பின் இருக்கையில் வைத்தார்.

அப்போது கீழ் லயத்திலிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்தார். "மேல் லயத்துல மட்டும் குடிச்சீங்களாமே! எங்க வூட்டுத் தண்ணி இனிக்காதா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். சாயங்காலம் வருகிறோம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்ல முடியாது, அங்கேயே குடியிருப்பவர். விருந்தாளி சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த வாசலில் ஏற்கெனவே நாலு பேர் சிரிப்பதற்குத் தயாராக நின்றிருந்தார்கள்.

"இனிக்கிதா இல்லையான்னு குடிச்சுப் பாத்துத்தானே சொல்லணும்" என்றேன்.

முதல் வீட்டில் கட்டிப்பால் போட்ட டீ. அடுத்த வீட்டில் பால் இல்லாத தே ஓ. அதற்கடுத்த வீட்டில் இஞ்சி. ஒரு வீட்டில் மைலோ கொடுத்துவிட்டு, "இது டீ கணக்குல வராது" என்று டீயும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மாமனார் கதையைக் கொஞ்சம் நீட்டினேன். கடைசி வீட்டுக்குப் போனபோது அந்த மாமனாருக்கு இரண்டாம் மனைவி கூட வந்துவிட்டாள். ஜன்னல் வழியாக அண்ணன் தெரிந்தார். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. ஒரே ஒரு தரம், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

தேயிலை மலையிலிருந்து இறங்கும் சாலை பாம்பு கூட யோசித்து வளையும் சாலை. ரிங்லெட் வருவதற்குள் முதல் கோப்பை கதவைத் தட்டியது. "அண்ணே, ஒரு நிமிஷம்." அருவிக்குப் பக்கத்தில் இரண்டாவது. தண்ணீர் கொட்டும் சத்தத்துக்குப் பக்கத்தில் அந்தக் கஷ்டத்தோடு உட்கார்ந்திருப்பதை எதிரிக்கும் விரும்பமாட்டேன். தாப்பாவில் மூன்றாவது. தேன் விற்கும் கடைக்காரரிடம் வழி கேட்க எனக்கு ஒரே ஒரு மலாய்ச் சொல் போதுமானதாக இருந்தது: தண்டாஸ். கழிப்பறை. வணக்கம், நன்றிக்கெல்லாம் முன்னால் கற்றுக்கொண்ட சொல்.

ஒவ்வொரு தரமும் அண்ணன் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தார். "மெதுவா போயிட்டு வாங்க தம்பி, நேரம் இருக்கு" என்றார். அவர் லாரி ஓட்டுகிறவர். நேரம் இருக்கிறதா இல்லையா என்பது என்னைவிட அவருக்குத் தெரியும்.

கோலாலம்பூரில் திட்டப்படி பார்க்கவேண்டிய இடங்கள் நிறைய. மார்க்கெட், பழைய ரயில் நிலையம், ஆற்றங்கரை. அதில் இரட்டைக் கோபுரம் மட்டும்தான் தேறியது. அதையாவது ஒழுங்காகப் பார்த்தேனா? கோபுரம் முழுதாகப் படத்தில் வர வேண்டும் என்று நடைபாதையில் மல்லாந்து படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வாழை இலைச் சாப்பாட்டை அண்ணன் சொல்லச் சொல்ல வேகமாகச் சாப்பிட்டேன். பரிமாறுகிறவர் மோர் கொண்டுவந்தார். மோரையும் குடித்தேன்.

ஸ்டேடியத்துக்குச் சரியாக டூர் தொடங்கும் நேரத்தில் போய்விட்டோம். அண்ணன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்து, பாவம் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். காகிதப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி முதல் ஆளாக நின்றார்.

வழிகாட்டி ஒரு மலாய்ப் பெண். தலைத்துணி, ஒலிபெருக்கி, நல்ல சிரிப்பு. மலாயில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் சொன்னார். "கழிப்பறை போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். இதற்குப் பிறகு கடைசியில்தான்." அண்ணன் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் இருந்த ஜப்பானிய ஜோடியும் பார்த்தது போல எனக்குப் பட்டது. காலையிலிருந்து அத்தனை தரம் போனவனுக்குத் திடீரென்று மானம் வந்துவிட்டது. "தேவையில்ல" என்றேன், கம்பீரமாக.

பத்திரிகையாளர் அறையில் பயிற்சியாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சும்மா எழுந்தேனா? மைக்கைப் பிடித்து, எங்கள் அணி தோற்றதற்குக் காரணம் மைதானம் மட்டமாக இருந்ததுதான் என்று உடைந்த ஆங்கிலத்தில் பேட்டி கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டிப் பெண் கூடச் சிரித்தார். தொண்டை காய்ந்ததால் மேசையில் வைத்திருந்த தண்ணீரையும் குடித்தேன்.

உடை மாற்றும் அறையில் அண்ணன் சட்டை மாட்டும் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அடுத்து ஆட்டக்காரர்கள் வெளியே ஓடிவரும் சுரங்க வழி. அதன் முடிவில் ஒரு கதவு. அதற்கு அப்பால் புல். கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

என் முகத்தில் வேர்த்தது. காலையிலிருந்து குடித்த கீழ் லயம் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிட்டது.

"அண்ணே."

அவர் திரும்பிப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க போங்க, நான் தனியாப் போயிக்கிறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வழி தெரியாது, பாஷை தெரியாது, நடக்கவும் முடியவில்லை. ஊரிலிருந்து வந்த தம்பியை இந்தக் கோலத்தில் விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியவில்லை. "வாங்க தம்பி" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

நான் வெளியே வந்தபோது அண்ணன் சுவரோரமாக நின்றிருந்தார். என் தோள்பையையும் தொப்பியையும் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் கோல் கீப்பர் கையுறைகள். பழையவை, விரல் நுனிகளில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தது. மைதானத்துக்குள் போவதற்காகச் சுரங்க வழியிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். என் அவசரத்தில் நான்தான் அதைக் கவனிக்கவில்லை. காகிதப் பை சட்டைப்பையில் மடிந்து கிடந்தது.

ஓடினோம். கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஜப்பானியப் பெண் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கணவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வழிகாட்டிப் பெண் எங்களைப் பார்த்துப் பதறிப்போய் மலாயில் ஏதோ சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் முதுகில் மருந்து டப்பா மாட்டிய இரண்டு பேர் போனார்கள்.

"என்னண்ணே சொல்றாங்க?"

"முடிஞ்சிருச்சாம் தம்பி. புல்லுக்கு மருந்து அடிக்கப் போறாங்க."

"ஒரு நிமிஷம் கேளுங்கண்ணே. நிக்கிறதுக்கு மட்டும். நான் வேணா கால்ல விழறேன்."

"மருந்து அடிக்கிற நேரத்துல உள்ள எறங்கக் கூடாது" என்றார். கோலா தெர்லாத் தோட்டங்களில் தினமும் பார்க்கிற விஷயம். லாரி வாசலில் நின்றாலும், மருந்து அடித்து முடிக்கும்வரை யாரும் பாத்திக்குள் கால் வைக்கமாட்டார்கள். "பரவால்ல லா. அவங்க வேல அது."

கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார். பிறகு எனக்காக ஒதுங்கி இடம் விட்டார். பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. கோல் கம்பம் தெரியவில்லை.

திரும்பும்போது அண்ணன்தான் பேசினார். "ஆட்டக்காரங்க போற தண்டாஸ் தம்பி அது. எல்லாருக்கும் காட்ட மாட்டாங்க. நம்ம ஸ்பெஷல் டூரு." நான் சிரிக்கவேண்டும் என்று அவர் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. என்னுடைய தொழிலை அவர் செய்துகொண்டிருந்தார், மலைப்பாதை வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே. அதற்கு முன்பே, ஹைவே ஏறியதும் ஓரமாக அந்தக் கூரை வந்தது. அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

மறுநாள் காலை தானா ராத்தாவில் பஸ் பிடிக்கவேண்டும். வழியனுப்ப இரண்டு லயமும் வந்துவிட்டது. அண்ணி ஒரு பை நிறையத் தேயிலை கட்டித் தந்தார். ராயப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"என்னா லா, பாத்தியா?"

நான் தரையைப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. கழிப்பறை, மோர், பேட்டி, எல்லாமே நல்ல கதை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அண்ணன் முந்திக்கொண்டார்.

"பாக்காம? உள்ள எறங்கி நின்னேன் லா. தம்பிதான் கேட்டு வாங்கிக் குடுத்தாரு. கோல் வாசல்ல மட்டும் புல்லு கொஞ்சம் தேஞ்சு மஞ்சளா இருக்கு. கீப்பர் நிக்கிற எடம் எங்கயும் அப்படித்தான் போல. மத்தபடி பாய் விரிச்ச மாதிரி."

"பந்து?"

"வச்சேன். வச்ச எடத்துல நிக்கிது. யாரும் வெரல் வைக்க வேணாம்."

ராயப்பன் என் பக்கம் திரும்பினார். "நெசமா தம்பி?"

மாமனாருக்கு இரண்டாம் மனைவி கட்டி வைத்த வாய் இது. ஒரு வார்த்தைக்கு அத்தனை நேரம் எடுத்தது.

"ஆமாண்ணே. நின்னுச்சு."

ராயப்பன் வளைந்த விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். கீழ் லயத்து அக்கா என் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார். ஒரு கதையும் சொல்லாமல் குடித்தேன்.